ஏணிக்கு எழுதாத அசிஸ்ட்டுகள்

அந்த உள்ளரங்கில் கூடைப்பந்து ஆட்டம் நடக்கும்போது கைதட்டாத ஆள் ஒருத்திதான். நடுக்கோட்டுக்கு நேராக, களத்தை ஒட்டிப் போட்டிருக்கும் நீள மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் நீலப் பேனா, முன்னால் கட்டம் போட்ட தாள். கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சனம் கத்தினாலும் அவள் தலை ஆடாது. மேஜையில் உட்கார்ந்தவர் யாருக்காகவும் கைதட்டக் கூடாது என்பது லீக்கின் விதி. மற்றக் குழுக்களுக்குக் கணக்கு எழுதுகிறவர்கள் அந்த விதியை மேஜைக்கு அடியில் தொடையைத் தட்டிச் சமாளித்துக்கொள்வார்கள். இவள் அதுவும் செய்யமாட்டாள். பதினோரு வருஷமாக இப்படித்தான். அவளுக்கு டேபிள் அக்கா என்று பெயர் விழுந்து, அவளைவிடப் பத்து வயது மூத்த நடுவர்கூட அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அதில் அவளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு, ஆனால் வெளியே காட்டிக்கொண்டதில்லை.

எண்ணுவது அவளுக்குப் பிழைப்பும்கூட. காலை ஏழிலிருந்து மதியம் இரண்டு வரை ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை அறையில் வேலை. ஒரு கண் மைக்ராஸ்கோப்பில், ஒரு கட்டைவிரல் எண்ணும் கருவியில். டிக், டிக், டிக் என்று ஊர்ப்பட்ட சனத்தின் அணுக்களை எண்ணித் தள்ளியிருக்கிறாள். அந்த அறையில் ஒரு வழக்கம் இருந்தது. தன் சொந்தக்காரர் யாருடைய ரத்தம் வந்தாலும் அதைத் தான் தொடக் கூடாது, எதிர்மேஜைக்குத் தள்ளிவிட வேண்டும். எழுதி வைத்த சட்டம் ஒன்றுமில்லை. ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே புது ஆட்களிடம் அக்கா சொல்லிவிடுவாள்: "நம்ம ஆளுங்க ரத்தம்னா கண்ணுக்கு ஆசை வந்துடும். ஆசை வந்த கண்ணு ஒழுங்கா எண்ணாது."

அப்படி அவள் தள்ளிவிட்ட குழாய்களில் பாதி அவள் தம்பியுடையவை. அவனுக்கு ஊரில் ஏணி என்று பெயர். ஆறடி ஆறு அங்குலம். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. அவ்வளவு பெரிய உடம்பை அவ்வளவு சின்ன வேலைக்குள் எப்படி மடித்து வைத்திருக்கிறான் என்று கடைக்கு வருகிறவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் நிமிர்ந்தான் என்றால் நேரே உள்ளரங்கம்தான். எட்டாம் நம்பர் சட்டை. சட்டையின் நெஞ்சில் ஒரு மெத்தையின் படம் இருக்கும், ஏனென்றால் குழு ஒரு மெத்தைக் கம்பெனி முதலாளியுடையது. தோற்கும் நாட்களில் எதிரணிக்காரர்கள் "போய்ப் படுங்கடா" என்று கத்துவதற்கு அது ரொம்ப வசதியாக இருந்தது.

போன சீசனில் அந்தச் சத்தம் அடிக்கடி கேட்டது. ஏணிக்கு முப்பத்தெட்டு வயது. வலது முழங்கால் படியேறும்போது முனகியது. தூரத்திலிருந்து நூறு பந்து எறிந்தால் முப்பத்தெட்டு விழுந்துகொண்டிருந்த கை, இப்போது இருபத்தொன்றைத்தான் போட்டது. அக்காதான் எழுதினாள், தெரியாதா? ஒவ்வொரு முறை பந்து வளையத்தில் பட்டுத் தெறிக்கும்போதும் அவளுக்கு நெஞ்சு சுருக்கென்றது. ஆனாலும் பேனா ஒரு நொடிகூடத் தயங்காமல் 'தவறியது' கட்டத்தில் கோடு போட்டது.

சீசன் முடிந்து மூன்றாம் வாரம், குழுவின் கோச் கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றார். சர்க்கரை பார்க்க வேண்டுமாம். நல்ல மனுஷன், பொய் சொல்லத்தான் வராது.

"வெறும் வயித்துல வந்தீங்களா?" என்று கேட்டாள் அக்கா.

"வயிறு காலிதான்க்கா. மனசுதான் நிறைஞ்சு கிடக்கு" என்றார் கோச். ஊசி ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டே விஷயத்தை இறக்கினார். "வர்ற சனிக்கிழமைக்குப் பிறகு அடுத்த சனிக்கிழமை முதலாளி முடிவு பண்றார். ஏணியை வச்சுக்கிறதா, விடுறதான்னு. நான் சொன்னேன், போன வருஷம் குடுத்ததுல மூணுல ஒரு பங்கு குடுங்க, அவன் வருவான், பத்து நிமிஷம் ஆடினா போதும், சின்னப் பசங்களுக்கு எப்ப எங்க ஓடணும்னு சொல்ல ஒருத்தன் வேணும்னு. அதுக்கு அவர் என்ன சொல்றார் தெரியுமா? மலிவாக் கிடைக்குதேன்னு பழைய ஸ்பிரிங்கை மெத்தைக்குள்ள வச்சா, படுக்கிறவன் முதுகுலதான் குத்தும்ங்கறார்."

அக்கா பஞ்சை வைத்து அழுத்தினாள். கொஞ்சம் பலமாகவே அழுத்திவிட்டாள்.

"அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. பந்துதான் விழலையே" என்றாள்.

"பந்து விழலக்கா. ஆனா அவன் குடுத்த பந்தை வாங்கி மத்தவன் போட்டானே, அது? எனக்கு என்னமோ அவன் ஆட்டத்துக்கு ஆட்டம் அள்ளிக் குடுத்த மாதிரி இருக்கு. தாளைப் பார்த்தா பதினெட்டு ஆட்டத்துக்கு நாப்பத்தொண்ணுதான் இருக்கு. முதலாளி அதைத்தான் கையில பிடிச்சுக்கிட்டுப் பேசறார்."

கூடை போட்டவனுக்குப் புள்ளி. அந்தக் கூடைக்குப் பந்தைக் கொடுத்தவனுக்கு 'அசிஸ்ட்' என்று ஒரு கோடு. புள்ளியை ஊரே பார்க்கும். அசிஸ்ட் மட்டும் எழுதுகிறவர் தீர்ப்பு: பந்தை வாங்கியவன் அதைத் தரையில் எத்தனை தடவை தட்டிவிட்டுப் போட்டால் கோடு உண்டு, எத்தனைக்கு இல்லை என்று.

அக்காவுக்குச் சுர்ரென்று வந்தது. "என் தாள்ல தப்பு இருக்காது. உங்களுக்குச் சர்க்கரை இருக்கோ இல்லையோ, கண்ணுல கோளாறு இருக்கு. எதுக்கும் எங்க தம்பி கடைக்குப் போய்ப் பாருங்க."

கோச் வாங்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார். போகிற போக்கில் மேஜை ஓரத்தில் ஒரு பென் டிரைவை வைத்தார். பதினெட்டு ஆட்டமும் அதில் வீடியோவாக இருந்தது.

அன்று சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்தான். வாசற்படியில் குனிந்து உள்ளே வருவது அவனுக்குப் பழக்கம், குனிய மறப்பது அதைவிடப் பழக்கம். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்தான். முதலாளி யோசிக்கிறார் என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது.

"காசுக்காக இல்லக்கா. கண்ணாடிக் கடை சோறு போடுது. சும்மா வாடான்னு கூப்பிட்டாலும் போவேன்" என்றான். பிறகு டீயை ஆற்றிக்கொண்டே தரையைப் பார்த்துக் கேட்டான். "அவங்க வேணாம்னுட்டா, சாயங்காலம் ஆறு மணிக்கு நான் எங்கக்கா போறது?"

அக்கா தட்டை அவன் பக்கம் தள்ளினாள். "இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கோ" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மடிக்கணினியைத் திறந்தது கோச்சின் மூக்கை உடைப்பதற்காகத்தான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நேரம் குறித்த பழைய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். எண்ணும் கருவியை எடுத்துக்கொண்டாள். அவள் கணவர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், விடுமுறை நாளில் வேறு வேலை இல்லாததால் கூட வந்து உட்கார்ந்தார். மனுஷனுக்குக் கூடைப்பந்து பற்றித் தெரிந்ததெல்லாம் பந்து உருண்டையாக இருக்கும் என்பதுதான்.

முதல் ஆட்டம் சரியாகப் போனது. இரண்டாவது ஆட்டத்தில், ஏணி இரண்டு பேருக்கு நடுவே சந்து பார்த்து ஒரு பந்தைத் தள்ளினான். வெள்ளை ஷூ போட்ட இளம் ஆட்டக்காரன் ஒருவன் அதை வாங்கி, தரையில் ஒரு தட்டுத் தட்டி, எழும்பிப் போட்டான். கூடை. அக்கா தாளைப் பார்த்தாள். கட்டம் காலியாக இருந்தது.

"ஒரு தட்டுத் தட்டினான்ல. அதனால குடுக்கல" என்றாள், யாரும் கேட்காமலே.

இரண்டு நிமிஷம் கழித்து அதே வெள்ளை ஷூக்காரனுக்கு வேறொருவன் பந்து கொடுத்தான். அவன் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போட்டான். அக்கா தாளைப் பார்த்தாள். பந்து கொடுத்தவன் பெயருக்கு நேரே அழகாக ஒரு நீலக் கோடு.

வேன்காரர் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். "ஏம்மா, ஒரு தட்டுக்கு இல்லன்னா ரெண்டு தட்டுக்கு எப்படி? தட்டத் தட்ட மதிப்புக் கூடுமோ?"

அந்த மனுஷன் விளையாட்டாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அக்கா வீடியோவை நிறுத்தினாள். எழுந்து போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எல்லாம் இன்னொரு தடவை கழுவினாள். அவருக்கு ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று மட்டும் புரிந்தது. அவள் திரும்பி வரும் வரை பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கைகள் சோப்பு நுரைக்குள் இருந்தபோதுதான் அக்காவுக்கு அந்த முதல் நாள் நினைவுக்கு வந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், முதல் ஆட்டம். ஒவ்வொரு குழுவும் தன் கணக்கை எழுதத் தன் ஆளைக் கூட்டிவர வேண்டும், இரண்டு பேரும் அருகருகே உட்கார வேண்டும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த எதிரணி ஆள் ஏணியைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், பல்லைக் காட்டினார். "தம்பி ஆடுறாரு, அக்கா எழுதுறாங்க. குடும்பத்துக்குள்ளயே முடிச்சுக்கிறீங்க, நல்லா இருக்கு" என்றார். அவ்வளவுதான். அந்த ஆள் அடுத்த வருஷமே லீக்கைவிட்டுப் போய்விட்டார். அவர் முகம்கூட இவளுக்கு மறந்துவிட்டது. சொன்ன சொல் மட்டும் பதினோரு வருஷமாக அவள் வலது தோளுக்கு மேல் உட்கார்ந்து பேனாவைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. மற்றவர்களுக்கு இரண்டு தட்டு வரை சலுகை. தம்பி கொடுத்த பந்துக்கு ஒரு தட்டுக்கூடக் கூடாது. அப்படி ஒரு முடிவை அவள் உட்கார்ந்து எடுத்ததே இல்லை. கை தானாக எடுத்துக்கொண்டது.

ஊரில் கறார் என்று பெயர் எடுத்ததற்கு அவள் கொடுத்த விலை இது. உண்மையில் அவள் கொடுக்கவில்லை, தம்பிதான் கொடுத்திருக்கிறான்.

செவ்வாய்க்கிழமைக்குள் பதினெட்டு ஆட்டத்தையும் பார்த்து முடித்தாள். எல்லாருக்கும் கொடுத்த அதே இரண்டு தட்டுச் சலுகையைத் தம்பிக்கும் கொடுத்தால், நாற்பத்தொன்று தொண்ணூற்றுமூன்றாக ஆனது. அந்த எண்ணைப் பார்த்ததும் மனசு துள்ளியது. துள்ளியதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. பதினோரு வருஷம் ஒரு பக்கம் சாய்ந்த கண், இப்போது மறுபக்கம் சாய்ந்திருக்காது என்று என்ன நிச்சயம்?

அதனால் ஆஸ்பத்திரியில் என்ன செய்வாளோ அதையே செய்தாள். பென் டிரைவை எதிர்மேஜைக்குத் தள்ளினாள்.

எதிர்மேஜைக்காரி ஆறு வருஷமாக ஏணியின் ரத்தத்தைப் பார்த்து வருகிறவள். அவன் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. அக்கா அவளிடம் தம்பியைப் பற்றி மூச்சு விடவில்லை. "பந்தைக் குடுத்தவன் நம்பரை எழுது. வாங்கினவன் ரெண்டு தட்டுக்குள்ள கூடை போட்டாக் கோடு. மூணாவது தட்டு விழுந்தா இல்ல. மெத்தைச் சட்டைக்காரங்க எல்லாருக்கும் எண்ணிக் குடு. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்" என்றாள்.

"எனக்கு இந்த விளையாட்டு ஒண்ணும் தெரியாதேக்கா."

"அதனாலதான் உன்கிட்ட வர்றேன்."

வெள்ளிக்கிழமை மதியம் எதிர்மேஜைக்காரி தாளோடு வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மூன்று நாளில் அவளுக்கு ஆட்டம் ருசித்துவிட்டது வேறு. யாரோ ஒரு நடுவர் கொடுத்த தீர்ப்பைப் பற்றி ஐந்து நிமிஷம் பொரிந்து தள்ளினாள். அக்கா பொறுமையாக இருந்தாள். பிறகு இரண்டு பேரும் பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

ஐந்தாம் நம்பருக்குப் பழைய தாளில் ஐம்பத்திரண்டு, புதுத் தாளில் ஐம்பத்தொன்று. பதினொன்றாம் நம்பருக்கு இரண்டிலும் முப்பது. மற்றவர்களுக்கும் ஒன்று கூட, ஒன்று குறைய, அவ்வளவுதான் வித்தியாசம். எட்டாம் நம்பருக்குப் பழைய தாளில் நாற்பத்தொன்று. புதுத் தாளில் எண்பத்தொன்பது.

எதிர்மேஜைக்காரி நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாருக்கும் பிசகாம வருதுக்கா. இந்த எட்டாம் நம்பர் மேல மட்டும் உங்களுக்கு அப்படி என்ன கோபம்?"

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். அந்தக் கண்ணாடிக் குழாய்களுக்கு நடுவே, வேலை நேரத்தில், வாழ்க்கையில் முதல் தடவையாக விசும்பி அழுதாள். எதிர்மேஜைக்காரி பதறிப்போய்க் கையில் கிடைத்த பஞ்சுச் சுருளை முழுசாக எடுத்து நீட்டினாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மெத்தைக் கம்பெனியில் கூட்டம். முதலாளி அறையில் நாற்காலிகள் கிடையாது. வருகிறவர்கள் எல்லாரும் மாதிரிக்கு வைத்திருக்கும் மெத்தைகள் மேல்தான் உட்கார வேண்டும். கண்டிப்பான விஷயம் பேச அதைவிட மோசமான இடம் இருக்க முடியாது. கோச் ஒரு பக்கம் புதைந்து கிடந்தார். அக்கா விளிம்பில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, தாள்களை மடியில் வைத்துக்கொண்டாள்.

முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "எறியிறது இருபத்தொண்ணு. குடுக்கிறது நாப்பத்தொண்ணு. அந்த இடத்துக்கு இருபத்திரண்டு வயசுல ஒருத்தன் வர்றான், ஆள் சும்மா ரப்பர் மாதிரி குதிக்கிறான். ஏம்மா, உங்க தம்பிங்கறதால கேக்கலாமா கூடாதான்னு தெரியல. நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்க. ஆனா உங்க கையில இருக்கிற தாள் தப்பு" என்றாள் அக்கா.

கோச் மெத்தையிலிருந்து எழ முயன்று, முடியாமல் மறுபடி விழுந்தார்.

அக்கா எதையும் மறைக்கவில்லை. ஒரு தட்டு, இரண்டு தட்டு, பக்கத்து நாற்காலிக்காரர் பதினோரு வருஷத்துக்கு முன்னால் சொன்ன சொல், தான் எண்ணிய தொண்ணூற்றுமூன்று, அதை நம்பாமல் எதிர்மேஜைக்குத் தள்ளியது, அவள் எண்ணிய எண்பத்தொன்பது, எல்லாவற்றையும் ஒப்பித்தாள். "எண்பத்தொன்பதை எடுத்துக்குங்க. என் கணக்கு வேணாம். எறியிற கணக்கு மட்டும் இருபத்தொண்ணுதான், அதுல மாத்தம் இல்ல. பந்து விழலன்னா விழலதான்."

முதலாளி வெகுநேரம் இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். வியாபாரி, கணக்கு அவருக்கு உடனே புரிந்தது. குழுவிலேயே அதிகமாகப் பந்து கொடுத்தவன் எட்டாம் நம்பர்தான். அதுவும் முக்கால்வாசி ஆட்டம் வெளியே உட்கார்ந்திருந்துவிட்டு.

"இவ்வளவும் குடுத்தவனை மூணுல ஒரு பங்குக்கு எடுக்கலாம்னா, நான் ஏன்யா வேணாங்கறேன்?" என்று கோச்சைப் பார்த்துச் சீறினார், ஏதோ வேண்டாம் என்று சொன்னது கோச் மாதிரி. பிறகு அக்காவின் பக்கம் திரும்பியபோது குரல் இறங்கியிருந்தது. "ஆனா ஏம்மா, பதினோரு வருஷமா உங்க தாளைத்தானே நான் கண்ணை மூடிக்கிட்டு நம்பினேன்."

"தெரியுங்க" என்றாள் அக்கா. இந்தக் கேள்விக்குத்தான் அவள் ராத்திரி முழுக்கப் பதில் தயார் செய்திருந்தாள். "அதனாலதான் ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். அவன் களத்துல இருக்கிற வரைக்கும் நான் மேஜையில உட்கார மாட்டேன். எங்க ஆஸ்பத்திரியில உறவுக்காரங்க ரத்தத்தை நாங்க தொட மாட்டோம். இங்கயும் முதல் நாளே நான் அப்படி இருந்திருக்கணும்."

முதலாளி வேண்டாம் என்று சொல்வார் என்று கோச் எதிர்பார்த்தார். அவர் சொல்லவில்லை. கொஞ்சம் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். அக்கா நீலப் பேனாவை அவர் மேஜை மேல் வைத்துவிட்டு எழுந்தாள். மெத்தையில் அவள் உட்கார்ந்த இடத்தில் பள்ளம்கூட விழவில்லை, அவ்வளவு விளிம்பில் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

அங்கிருந்து நேரே கண்ணாடிக் கடைக்குப் போனாள். தம்பி பின்னறையில் விளக்கடியில் குனிந்து ஒரு குழந்தையின் கண்ணாடிக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தான். கோச் அதற்குள் போன் செய்து நல்ல செய்தியைச் சொல்லிவிட்டார். ஆனால் அவன் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

"உன் நாற்காலியைக் குடுத்துட்டு எனக்குச் சட்டை வாங்கிட்டு வந்திருக்கியா?" என்றான்.

"அது என் தப்புக்குடா. உனக்கு நான் பதினோரு வருஷமா அநியாயம் பண்ணியிருக்கேன். எத்தனை கோடு உனக்குப் போடாம விட்டிருக்கேன்னு தெரியுமா?"

"தெரியும்" என்றான் ஏணி.

அக்கா விளக்கை அவன் முகத்துப் பக்கம் திருப்பினாள்.

"முதல் வருஷமே தெரியும்க்கா. நான் குடுத்த பந்து எனக்குத் தெரியாதா? வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்ப்பேன், தாள்ல பாதிதான் இருக்கும்."

"ஏன்டா சொல்லல?"

அவன் திருப்புளியைக் கீழே வைத்தான். அந்த நீளமான விரல்களால் மேஜை மேல் இல்லாத தூசியைத் தட்டினான். "சொல்லியிருந்தா அன்னிக்கே நீ எந்திரிச்சுப் போயிருப்ப. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? ஆட்டம் நின்னு நான் மேஜைப் பக்கம் வரும்போதெல்லாம், நீ தலையை நிமிர்த்தாமலே, வாயை அசைக்காம, 'தண்ணி குடிடா'ன்னு சொல்லுவ. மேஜையில இருந்து ஆட்டக்காரன்கிட்டப் பேசக் கூடாது, விதி. நீ பண்ணின ஒரே விதிமீறல் அதுதான். அதுக்காக இன்னும் நூறு கோடு போனாலும் போகட்டும்னு இருந்துட்டேன்."

அக்காவுக்கு அவனை அணைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, ஒரு அறை விட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் எட்டாத உயரம். முழங்கையில் ஒரு கிள்ளுக் கிள்ளிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

அடுத்த சீசனின் முதல் ஆட்டத்துக்கு அக்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். அங்கிருந்து களம் வேறு மாதிரி இருந்தது. மேஜையிலிருந்து பார்க்கும்போது கால்களும் கைகளும்தான் தெரியும், இங்கே முகங்கள் தெரிந்தன. கைகளை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மடியில் வைத்தாள், கட்டிக்கொண்டாள், கடைசியில் கணவரின் பாப்கார்ன் பொட்டலத்தை வாங்கிப் பிடித்துக்கொண்டாள். நடு மேஜையில் அவள் நாற்காலியில் எதிர்மேஜைக்காரி உட்கார்ந்திருந்தாள். ஆட்டம் ருசித்துவிட்டதால் அவளே வந்து கேட்டு வாங்கிய வேலை. நீலப் பேனா, குனிந்த தலை. ஒரு தடவைகூட மூன்றாவது வரிசையைப் பார்க்கவில்லை. நன்றாகத்தான் பழகியிருக்கிறாள்.

இரண்டாவது கால்பகுதியில் ஏணி உள்ளே இறங்கினான். இறங்கிய ஒரு நிமிஷத்தில் தூரத்திலிருந்து எறிந்தான். பந்து வளையத்தைத் தொடக்கூட இல்லை. "போய்ப் படுடா தாத்தா" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அக்கா அந்தத் திசையைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வேன்காரர் பொட்டலத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஏணி எறியவே இல்லை. முழங்காலைக் காப்பாற்றிக்கொண்டு மெல்ல நகர்ந்தான். கையை நீட்டி இங்கே போ, அங்கே போ என்று சின்னவர்களை விரட்டினான். பிறகு, தான் பார்க்காத ஒரு பக்கத்துக்கு ஒரு பந்தைத் தள்ளினான். வெள்ளை ஷூக்காரன் அங்கே சரியாக வந்து சேர்ந்து அதை வாங்கினான். ஒரு தட்டு. இரண்டு தட்டு. கூடை.

அக்கா மேஜையைப் பார்க்கவில்லை. பேனா அசைந்ததா என்று பார்க்கவில்லை. பாப்கார்ன் நாலா பக்கமும் சிதற எழுந்து நின்று கைதட்டினாள். முதல் தடவை என்பதால் இரண்டு உள்ளங்கையும் சரியாகச் சேரவில்லை. சத்தம் ஒரு தினுசாக வந்தது. அவள் நிறுத்தவில்லை.

எதிரணி ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி இடைவேளை கேட்டது. மற்றவர்கள் கோச்சை நோக்கிப் போனார்கள். ஏணி மட்டும் பழக்கதோஷத்தில் நடு மேஜைப் பக்கம் ஒதுங்கினான். மூச்சு வாங்கியது, சட்டை முழுக்க நனைந்து மெத்தைப் படம் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. மேஜைக்கு முன்னால் வந்து நின்றவன், குனிந்த தலையைப் பார்த்தான். அது வேறு தலை. ஒரு நொடி அவனுக்கு எங்கே போவது என்று தெரியவில்லை, கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான்.

மூன்றாவது வரிசையிலிருந்து, பதினோரு வருஷம் உதட்டுக்குள் அடக்கி வைத்திருந்த குரல், அரங்கம் முழுக்கக் கேட்கும்படி வந்தது.

"டேய்! தண்ணி குடிடா!"